சூரணத்துக்குள் இருந்த மாத்திரை

அன்பு மகன் சவரிமுத்துவுக்கு,

சுகம், உன் சுகமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். உன் அப்பா ரயில்வேயில் புதிதாகச் சேர்ந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நாளில், காய்ச்சலில் படுத்துக்கொண்டு எழுதினாலும் சுகம் என்றுதான் எழுதுவார். எனக்கு இன்றைக்கு அது கைவரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விழுப்புரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். குழைந்த கஞ்சியும் பாலும் குடிக்கிறேன். கம்பை ஊன்றிக்கொண்டு தெருவில் நாலு வீடு வரை போய் வருகிறேன். உடம்பு இந்த மட்டுக்குத் தேறியிருக்கிறது. மனசு தேறவில்லை, அதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. முறைப்பெண்ணைக் கட்டுவதற்கு மேற்றிராணியார் ஆண்டகையிடமிருந்து கோயில் சட்டத்துக்கு விலக்கு வந்துவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் கோயிலிலும் இங்கேயும் கல்யாண ஓலை வாசிக்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். என் தம்பி மகள் பிலோமினாவைக் கையில் தூக்கி ஞானஸ்நானத் தொட்டிக்குப் பிடித்தவள் நான். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "மாமா நல்லதை நினைத்துத்தான் செய்தார், பெரிய மனசு பண்ணி மறந்துவிடுங்கள்" என்று. மறப்பதற்கு இது என்ன, குழம்பில் உப்புக் கூடிப்போன சங்கதியா? நான் செத்துப் பிழைத்திருக்கிறேன். என் கூடப்பிறந்தவன் கையால் சாகக் கிடந்தேன். எனக்கு இருக்கிற ஒற்றைத் தலைவலி உனக்கும் இருக்கிறது, அதுவும் என்னிடமிருந்து வந்தது. அதனால் இந்தக் கடிதத்தில் பாதி வைத்தியம், பாதி வசவு. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியாது. நீயே பிரித்து எடுத்துக்கொள்.

உன் மாமன் அருளப்பன் பால்குடி மறக்கும் முன்பே எங்கள் அம்மா போய்விட்டார்கள். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் நான் எழுத்துப் படித்தேன். நான் பெரியவளான வருஷம் இந்தத் தலைவலி வந்தது. முதலில் கண்ணுக்கு முன்னால் வெயிலில் தகரம் மின்னுகிற மாதிரி ஏதோ ஆடும். பிறகு ஒரு பக்கம் மட்டும் பொட்டில் இடிக்கத் தொடங்கும். வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, யாராவது செம்பைக் கீழே வைத்தாலும் அது மண்டைக்குள் விழும். வாந்தி எடுத்துத் தூங்கி எழுந்தால்தான் உலகம் திரும்பி வரும். அப்போது உன் மாமன் சின்னப் பையன். "எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டு, தன் உள்ளங்கையை அந்தப் பக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தெருவில் சத்தம் போடுகிற பிள்ளைகளை விரட்டிவிட்டு வருவான். "நா பெரியவனாயி உனுக்கு மருந்து கண்டுபுடிக்கறேன் பாரு" என்பான். அந்தச் சின்னக் கையின் சூடு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அது நினைவில்லாமல் போயிருந்தால் இன்றைக்கு இவ்வளவு எரியாது.

நீ பிறந்த பிறகு தலைவலி அதிகமானது. வாரத்தில் ஒரு நாள் அடுப்பு எரியாத வீடாகிப் போனது நம் வீடு. உன் அப்பா என்னை இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், எத்தனையோ கேள்வி கேட்டார். கடைசியில் வெள்ளை மாத்திரை கொடுத்தார். பேர் ஆஸ்பிரின் என்று சொல்லி, என்னையும் ஒருமுறை சொல்லச் சொன்னார். எனக்கு அது அதிசயமாக இருந்தது. அதுவரை எனக்கு மருந்து கொடுத்தவர்கள் யாரும் மருந்தின் பேரைச் சொன்னதில்லை.

"இது நல்ல மருந்தும்மா, ஆனா வெல்லம் இல்ல," என்றார். "கண்ணுல மின்ன ஆரம்பிச்ச உடனே போடணும். இடி முத்தின பிறகு போட்டா வாந்தியிலயே வெளிய வந்துடும். போடறதுக்கு முன்ன ஒரு வாய் ஏதாச்சும் சாப்பிட்டிருக்கணும். வெறும் வயித்துல போட்டா உள்தோலை அரிச்சிடும். நிறையத் தண்ணி குடிங்க. ஒரு வேளைக்கு ஒண்ணு, தாங்கலைன்னா ரெண்டு. திரும்பப் போடணும்னா நாலு மணி நேரம் போகட்டும்."

நான் சும்மா இருப்பேனா? "நாலா முழுங்கிட்டா ஜல்தியா போயிடாதுங்களா?" என்று கேட்டேன்.

"போயிடும். கூடவே நீங்களும் போயிடுவீங்க," என்றார் சிரிக்காமல். பிறகு, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இதைத் தொட்டால் தலையே இதைக் கேட்டு வலிக்க ஆரம்பித்துவிடும் என்றார். வேறு வலி மருந்து எதையும் இதோடு சேர்க்கக்கூடாது, மூச்சு இழுப்பு உள்ளவர்களுக்கு இதைத் தூக்கிக் கொடுக்கக்கூடாது, வயிறு எரிந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும் என்றார். நான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஜெபம் மாதிரி அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். வருஷக்கணக்கில் அதன்படியே நடந்தேன். அடுப்பு எரியாத நாள் குறைந்தது. உனக்கும் பள்ளிக்கூட வயதில் கண்ணில் மின்னல் வந்தபோது டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய்க் கேட்டுக்கொண்டுதான் உனக்கு அரை மாத்திரை கொடுத்தேன். "கஞ்சி முதல்ல, மாத்திர பின்ன" என்று நான் சொல்லிச் சொல்லி, நீயே கஞ்சிக் கிண்ணத்தைத் தேடுகிறவனானாய்.

உன் மாமன் திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மண்டிக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்ததும், படிப்பு முடிந்து உன்னை அவனிடம் அனுப்பியதும் உனக்குத் தெரிந்ததே. தாய்மாமனிடம் பிள்ளையை விடுவதற்கு எந்தத் தாய் யோசிப்பாள்? யுத்தம் முடிந்த வருஷம், கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற வந்தவன், ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தான். மஞ்சளும் பழுப்புமாகப் பொடி. சுக்கு வாசனை, கொத்தமல்லி வாசனை, லேசாகச் சந்தன வாசனை.

"இன்னாடா இது?" என்றேன்.

"சின்ன வயசுல சொன்னேனே, மருந்து கண்டுபுடிக்கறேன்னு. கண்டுபுடிச்சிட்டேன்க்கா. சூரணம். மொத்தமும் பச்சல. காலையில வெறும் வயித்துல தேன்ல கொழச்சி நாக்குல தடவிக்க. அந்த இங்கிலீஷ் மாத்திர மாதிரி வயித்த எரிக்காது."

நான் அழுதுவிட்டேன். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறானே என்று அழுதேன். உன் அப்பா ரயில்வே சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அதுல இன்னா இன்னா போட்டுக்கீற அருளப்பா?" என்று கேட்டார். "அது தொழில் ரகசியம் மாமா," என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். உன் அப்பாவைப் பார்த்து, "எந்தம்பிய டேசன் மாஸ்டர் மாதிரி கேள்வி கேக்கறீங்களே" என்று கேலி வேறு செய்தேன்.

சூரணம் வேலை செய்தது. பிரமாதமாக வேலை செய்தது. செய்யாமல் என்ன? தினமும் காலையில் சூரணம், தலைவலி கண்ட நாளில் டாக்டரம்மா மாத்திரை. சூரணம் பச்சிலை, மாத்திரை இங்கிலீஷ் மருந்து, ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லை என்றுதானே நான் இருந்தேன். தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம் என் தம்பி சூரணத்தைப் பாடினேன். நம் வீட்டுக்கு எதிரே தையல் மிஷின் போட்டிருக்கிற ஆரோக்கியம் அண்ணனுக்கு இழுப்பு உண்டு. ஆஸ்பிரின் ஆகாது என்று அவருக்கே தெரியும். ஒருமுறை யாரோ கொடுத்து மூச்சு முட்டியிருக்கிறது. அவர் கழுத்து வலிக்கு, "இது பச்சலதான்ணா, பயப்படாத சாப்புடுங்க" என்று நானே ஒரு பொட்டலம் கொடுத்தேன். திண்டிவனத்தில் கடைக்கு வருகிறவர்களிடம் உன் மாமன் என்ன சொல்லி விற்றான் என்று பிறகு கேள்விப்பட்டேன். "எங்கக்காவுக்கே இதத்தான் குடுக்கறேன்" என்று சொல்வானாம். என்னைத்தான் விளம்பரப் பலகையாகத் தூக்கி வைத்திருக்கிறான்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் வந்தது. இந்த வருஷம் நாற்பது நாளும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிப்பது என்று நேர்ந்துகொண்டிருந்தேன். எல்லாம் உன் கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்றுதான். சுவாமியாரிடம் போய், ஒருசந்தி நாளில் சூரணம் சாப்பிடலாமா என்று கேட்டேன். மருந்து சாப்பாட்டுக் கணக்கில் வராது, பூசையில் நாக்கில் நன்மை வாங்குகிற வரைக்கும் மட்டும் வாயில் எதுவும் படக்கூடாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எந்த மருந்து என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? காலைப் பூசை முடிந்து வந்ததும் காலி வயிற்றில் சூரணம். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூட அளந்துதான். சாப்பாடும் அந்த ஒரு வேளைதான். பசியில் தலைவலி கூடுதலாக வந்தது, வாரத்தில் இரண்டு நாள் என்ற கணக்கைத் தாண்டாமல் மாத்திரையும் கூடுதலாகப் போட்டேன்.

இரண்டாம் வாரமே வயிறு எரிந்தது. டாக்டரம்மா சொன்னது மறந்துவிட்டதா என்று கேட்பாய். மறக்கவில்லை. மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகுதானே போடுகிறோம், சூரணமோ பச்சிலை, அப்படியானால் இந்த எரிச்சல் ஒருசந்தியால் வருவது என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டி, அந்த எரிச்சலை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து உனக்காக ஒப்புக்கொடுத்தேன். முழங்காலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இதுவும் என் பிள்ளைக்காக என்று சொன்னேன். மலம் கறுத்தது. ஒரு வேளை கேப்பைக் களியாகச் சாப்பிடுகிறோம், அதனால் இருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, நான் அதைத் தபசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் விழுந்தேன். எல்லோரும் முழங்காலிலிருந்து எழுந்தார்கள், நான் எழவில்லை. வாந்தி எடுத்தேன், காப்பிக் கசண்டு மாதிரி இருந்தது என்று உன் அப்பா சொன்னார். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது அதே டாக்டரம்மா, தலை நரைத்துப்போய், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "இந்த அளவு மாத்திரைக்கு இப்படி ஆகாது. மறைக்காதீங்கம்மா. பெட்டி பெட்டியா முழுங்கியிருக்கீங்க," என்றார். அந்த வார்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் சொல்லை வேதம் மாதிரி கடைப்பிடித்தவள். பொய் சொல்கிறேன் என்று அவர் முகம் சொன்னபோது, உயிர் போனாலும் போகட்டும் என்று இருந்தது எனக்கு.

உன் அப்பாதான் சூரணத்தைச் சொன்னார். பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னார் டாக்டரம்மா. கூடவே கடையில் சுக்கும் கொத்தமல்லியும் சந்தனமும் வாங்கித் தனியாக இடித்துக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் என் கட்டிலுக்கே இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து வந்தார். இரண்டு பொடியையும் தனித்தனியாகத் தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டியிருந்தார்கள். ஏதோ இரும்பு உப்புக் கரைசலாம், இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். உன் அப்பா இடித்த பொடியின் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகவே நின்றது. என் தம்பி கொடுத்தது ஊதாவாக மாறியது. கோயிலில் பாடுகளின் வாரத்துக்குச் சுரூபங்களை மூடி வைப்பார்களே, அந்தத் துணியின் ஊதா. "ஆஸ்பிரின் குடும்பத்து மருந்துக்குத்தான் இந்த நிறம்," என்றார் டாக்டரம்மா. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களைப் பொய் சொல்றீங்கன்னு நினைச்சதுக்கு மன்னிச்சுக்குங்க," என்றார். முன்பின் உறவில்லாத அந்த அம்மாள் கேட்ட மன்னிப்பை என் கூடப்பிறந்தவன் இன்று வரைக்கும் கேட்கவில்லை.

அவன் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள் சாத்துக்குடிப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "சூரணத்துல ஆஸ்பிரின் போட்டுக்கீறியாடா?"

இல்லை என்று சொல்லுவான் என்று கடைசி நிமிஷம் வரைக்கும் நம்பினேன். அவன் கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெறும் சுக்குல யாருக்குக்கா தலவலி போவுது? கொஞ்சம் தூளாக்கிப் போட்டேன். நா இன்னா விஷமா குடுத்தேன்? டாக்டரம்மா குடுக்கற அதே மருந்துதான?"

"அதே மருந்துன்னு எனுக்குச் சொன்னியா? நா மாத்திரயும் போட்டுக்கினு இருக்கறது உனுக்குத் தெரியுந்தான?"

"தெரியும். நீ ரொம்ப நாளா சாப்புடற ஒடம்பு, தாங்கிக்கும்னு நெனச்சேன். சரி, நடந்தது நடந்து போச்சி. ஓல வாசிக்கிற நேரத்துல இத வெளிய சொல்லிக்கினு இருக்காத. பொண்ணு எடுக்கற எடத்த நீயே கெடுத்துக்காத."

"போடா," என்றேன்.

போகிற போக்கில் வாசற்படியில் நின்று திரும்பினான். "என்ன மட்டும் பேசறியேக்கா. உம்புள்ளைக்கும் தெரியும். பின்கட்டுல அவந்தான கலக்கறான்."

சவரி, அது வரைக்கும் என் வயிற்றில்தான் புண் இருந்தது. அவன் பொய் சொல்கிறான் என்று உன் அப்பா கோபப்பட்டார். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தது நினைவுக்கு வந்துவிட்டது. பாதிப் பூசையிலேயே உனக்குக் கண்ணில் மின்னல் வந்து வீட்டுக்கு வந்தாய். நான் ஆசையாகச் சூரணத்தைத் தேனில் குழைத்துக்கொண்டு வந்தேன். "வாணாம்மா. எனுக்கு மாத்திரயே போதும்," என்றாய். கஞ்சிக் கிண்ணத்தைத் தேடி எடுத்து, குடித்துவிட்டு, டாக்டரம்மாவின் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தாய். கடையிலேயே கிடக்கிறவனுக்கு அந்த வாசனை சலித்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். குழைத்த சூரணத்தை வீணாக்க மனசில்லாமல் உன் எதிரிலேயே நான் நக்கினேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது போலிருக்கிறது என்று எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன்.

உன் வயிற்றுக்கு நான் சொல்லிக்கொடுத்ததை அத்தனை சுத்தமாகக் கடைப்பிடித்த பிள்ளை, என் வயிற்றுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாவுக்குப் பயமா? பிலோமினா கைவிட்டுப் போய்விடுவாள் என்ற பயமா? "அம்மா, அத வெறும் வயித்துல சாப்புடாத" என்றாவது சொல்லியிருக்கலாம். ரகசியமும் கெட்டிருக்காது. உன் மாமன் செய்ததை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. நீ செய்ததை நினைத்தால் கஞ்சிகூட இறங்கவில்லை.

என்னவெல்லாம் போயிற்று என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பும்போது, "இனிமே ஆஸ்பிரின் உங்களுக்குக் கிடையாதும்மா. ஒரு துண்டுகூட. ஒருமுறை ரத்தம் வந்த வயிறு," என்றார். தலைவலி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு போய்விடவில்லை. முந்தாநாள் வந்தது. கண்ணில் மின்னியதும் என் கை பழக்கத்தில் மாத்திரை டப்பாவைத் தேடிப் போயிற்று. உன் அப்பா அதை எங்கோ எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, இருட்டில் படுத்து, சின்ன வயதில் கிடந்த மாதிரியே கிடந்தேன். இத்தனை வருஷம் எனக்குத் துணையாக இருந்த ஒரே மருந்தை, மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று சொன்னவனே பிடுங்கிக்கொண்டான். இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழ?

நடக்க முடிந்த அன்றைக்கே ஆரோக்கியம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சூரணம் சாப்பிட்ட அன்று அவருக்கு மூச்சு முட்டி, விடிய விடிய உட்கார்ந்தே இருந்தாராம். பனிக்காற்று என்று நினைத்திருக்கிறார்கள். ஆகாது என்று தெரிந்து ஒதுக்கின மருந்தை, நான் பச்சிலை என்று கையில் கொடுத்திருக்கிறேன். அவர் என்னைத் திட்டவில்லை. "உனுக்கு மட்டும் தெரியுமாம்மா?" என்றார். அவர் மனைவி எனக்குப் பலகை எடுத்துப் போடவில்லை. பிறகு நான் யார் யாருக்குக் கொடுத்தேனோ, யார் யாரிடம் பாடினேனோ, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று சூரணத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். "உன் தம்பி பொண்ணுக்குச் சீர் கொறச்சிட்டான்னு கோவமா?" என்று ஒருத்தி கேட்டாள். நாங்கள் சீரே கேட்டதில்லை. ஊர் வாய்க்கு அதெல்லாம் வேண்டியதில்லை. உன் மாமன், பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று ஆள் அனுப்பினான். போட்டேன், சந்தேகமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இனி உனக்கு. கோபம் இருக்கிறது என்பதற்காக உன் தலைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட நான் உன் மாமன் இல்லை. ஆஸ்பிரின் மேல் எனக்குப் பகை கிடையாது. மின்னல் தெரிந்ததும் கஞ்சி, பிறகு மாத்திரை, நிறையத் தண்ணீர். கல்யாண வேலையில் அலைகிறோம் என்று தினமும் போடாதே. மாதத்தில் தலைவலி நாள் கூடிக்கொண்டே போனால், மாத்திரையைக் கூட்டாதே, டாக்டரைப் போய்ப் பார். வயிறு எரிந்தால் அதற்கு நல்ல பேர் எதுவும் வைக்காதே. எவர் எந்தப் பொடியைக் கொடுத்தாலும் உள்ளே என்ன என்று கேள், சொல்லாதவர் கொடுப்பதைத் தொடாதே. பிலோமினா முழுகாமல் இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் அவளுக்கு எந்த வலி மாத்திரையும் கொடுக்காதே. உங்களுக்குப் பிறக்கிற பிள்ளைகளில் ஒன்றுக்காவது இந்தத் தலைவலி வரும், அது நம் ரத்தம். அந்தப் பிள்ளை வாயில் நீ எதை வைத்தாலும் அதன் பேரைச் சொல்லி வை.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமியார் கேட்பார். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். பிலோமினா ஒரு பாவமும் அறியாதவள். கல்யாணத்துக்கும் வருவேன். உன் மாமன் எதிரில் நின்றால் கும்பிடுவேன், ஊர் பார்க்கிறதே என்பதற்காக. அந்த பேண்டுச் சத்தத்திலும் வெயிலிலும் தூக்கம் கெட்டதிலும் எனக்குத் தலைவலி வரும். வராமல் இருக்காது. பந்தலில் ஒரு ஓரமாக, முந்தானையைக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது ஒருவர் உன்னிடம் வந்து கேட்பார்கள், அதுவும் நிச்சயம். "இன்னா மாப்ள, அம்மா இந்த வலி வலிச்சிக்கினு கீறாங்க, உங்க கட சூரணத்துல கொஞ்சம் குடுக்கறதுதான?" என்று கேட்பார்கள். பக்கத்தில் உன் மாமனார் நிற்பார், பெண் நிற்பாள், திண்டிவனத்துச் சனம் மொத்தமும் நிற்கும்.

என் கண்தான் மூடியிருக்கும், மகனே. நீ என்ன பதில் சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா